இடம் கிடைத்த பிறகு என்ன? முதலாண்டு மாணவர்களுக்கான வழிகாட்டல் திட்டங்கள்: ஒரு விளக்கம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிவு வந்தால் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை ‘ஏ’ என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். யுபியு எனப்படும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவு வந்ததும் வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்கள் சுற்றும். கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஓர் உறையைக் கையில் கொடுக்கும். ஐந்து மாதம் கழித்து முதல் பருவத் தேர்வு முடிவு வரும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை.

சிலருக்கு எல்லாம் அந்த முடிவில்தான் தடம் மாறுகிறது. எச்சரிக்கைக் கடிதம் வருகிறது, பிடிபிடிஎன் எனப்படும் அரசு உயர்கல்விக் கடன் பணம் நிற்கிறது. ஒரு சிலர் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வீடு திரும்புகிறார்கள். பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. உதவ நினைக்கும் சங்கங்களும் தன்முனைப்பு முகாம், உபகாரச் சம்பளம், டியூஷன் ஆகியவற்றில் எதற்குப் பணம் போடுவது என்று தடுமாறுகின்றன. விடை தேட முதலில் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

## கிரெடிட்டும் பாயிண்டரும்

எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் விதிப்படி 1 கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, டியூட்டோரியல், ஆய்வுக்கூடம், சொந்தமாகப் படிப்பது, இடுபணி எழுதுவது, தேர்வு எழுதுவது எல்லாம் அந்த 40 மணிக்குள் அடங்கும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை.

ஒரு பருவத்தில் 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். அதை 14 கற்பித்தல் வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 43 மணி. தேர்வு வாரங்களையும் இடைவிடுமுறையையும் சேர்த்து 18 வாரமாக நீட்டினாலும் வாரம் 33 மணிக்குக் குறையாது. ஆனால் மாணவன் கையில் இருக்கும் கால அட்டவணையில் தெரிவது 16 முதல் 20 மணி நேர வகுப்பு மட்டும். மீதி எங்கும் எழுதப்படவில்லை, அதைக் கேட்டு வாங்க ஆளும் இல்லை. ஐந்தாம் படிவம் வரை காலையில் பள்ளி, மதியம் கூடுதல் வகுப்பு, இரவில் டியூஷன் என்று பிறர் போட்ட வரிசையில் ஓடிய பிள்ளைக்குப் புதன்கிழமை முழுக்க வகுப்பில்லை என்றால் அது விடுமுறையாகத்தான் தெரியும். முதல் சறுக்கல் இங்கேதான்.

அடுத்து மதிப்பெண். ஒரு பருவத்துச் சராசரியை பிஎன்ஜி என்றும், சேர்ந்தது முதல் வரும் மொத்தச் சராசரியை பிஎன்ஜிகே என்றும் சொல்வார்கள். மாணவர்கள் வாயில் இரண்டுமே ‘பாயிண்டர்’தான். உச்சம் 4.00. பெரும்பாலான கழகங்களில் 2.00க்குக் கீழே போனால் ‘நன்னிலை’ மாணவர் என்ற தகுதி போய்விடும். அடுத்தடுத்த பருவங்களிலும் அப்படியே இருந்தால் நீக்கம் வரை போகலாம். பிடிபிடிஎன் கடனும் தொடர்ந்து கிடைக்க 2.00 வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. தலா 3 கிரெடிட்டில் ஐந்து பாடம் எடுத்த மாணவிக்கு பி (3.00), சி பிளஸ் (2.33), சி (2.00), டி (1.00), எஃப் (0.00) என்று முடிவு வருகிறது. கூட்டிப் பங்கிட்டால் 1.67. கடன் நிற்கும். அந்த எஃப் வாங்கிய பாடத்தை மட்டும் உரிய தேதிக்குள் முறைப்படி கைவிட்டிருந்தால் மீதி நான்கு பாடத்தின் சராசரி 2.08. அதே மாணவி, அதே உழைப்பு. ஏழாம் வாரத்தையொட்டி நிரப்பியிருக்க வேண்டிய ஒரு பாரம்தான் இரண்டுக்கும் இடையே நிற்கிறது. (கைவிட்ட பிறகும் முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச கிரெடிட் மிஞ்ச வேண்டும். பல இடங்களில் அது 12. தரப்புள்ளிகளும் கடைசித் தேதியும் கழகத்துக்குக் கழகம் சற்று மாறும்.)

முதல் பருவம் சறுக்கினால் அதைத் தூக்கி நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் பார்க்கலாம். 15 கிரெடிட்டில் 1.67 வாங்கியவர், 120 கிரெடிட் முடிவில் 3.67 (சில கழகங்களில் முதல் வகுப்புக்கான எல்லை) எட்ட வேண்டும் என்றால் மீதி 105 கிரெடிட்டிலும் சராசரியாக 3.96 எடுக்க வேண்டும். முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெறலாம், தகுதி விதிகளுக்கு உட்பட்டு. அந்த வாய்ப்பு பலருக்கு முதல் 14 வாரத்திலேயே கைநழுவிப் போகிறது. பாடங்களை மீண்டும் எடுத்துத் தேறலாம் என்றாலும் அதற்கும் பணம், நேரம் இரண்டும் போகும்.

## தோட்டப் பட்டணத்துப் பிள்ளைக்கு எது கூடுதல் சுமை

எல்பில், டோவன்பி, ஹேவூட் போன்ற தோட்டங்களிலிருந்து பட்டணத்துத் தாமான்களுக்கு நகர்ந்த குடும்பங்களில் பல்கலைக்கழகம் போகும் முதல் தலைமுறை இன்னும் உண்டு. அறிவுக் குறைவு என்று இதைப் பேசுவது தவறு. தடைகள் வேறு.

மொழி இரண்டு முறை மாறுகிறது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்மொழியில் இடைநிலைப்பள்ளி (இடையில் சிலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு), அதன் பிறகு பாடநூலும் ஸ்லைடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் முழுக்க ஆங்கிலம். அரசுப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மலாயில் நடந்தாலும் நூலகத்தில் எடுக்கும் புத்தகம் ஆங்கிலமாக இருக்கலாம். புரியாதது பாடமா, மொழியா என்று மாணவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. “கால்குலஸ் எனக்கு வராது” என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அவருக்கு வராதது கேள்வியின் இரண்டாம் வரியாக இருக்கும்.

பணத்தில் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முதல் பருவத்தில் பெரிய சிக்கல். பதிவுக் கட்டணம் முதல் நாளே போய்விடும். பிடிபிடிஎன் முதல் தொகை ஆவணங்கள் சரிபார்த்த பிறகே வரும், வாரங்கள் ஆகலாம். சாப்பாட்டுக்கு நாளைக்கு 15 ரிங்கிட் என்று வைத்தாலும் ஆறு வாரத்துக்கு 630 ரிங்கிட் கையில் வேண்டும். அரசு உயர்கல்விக் கழகங்களில் சேரும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பிடிபிடிஎன் 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தருகிறது. பின்னால் கடனில் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பிக்கத் தெரியாமல் விடுபவர்களும் உண்டு. கையில் காசு இல்லாத பிள்ளை நான்காம் வாரத்தில் பகுதி நேர வேலைக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை வகுப்பு போகிறது, அதோடு முதல் தேர்வும் போகிறது.

நாட்காட்டியும் நமக்குக் கொஞ்சம் எதிரிதான். அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் தீபாவளி முதல் தேர்வுகளை ஒட்டி வந்து நிற்கும். தைப்பூசம் இறுதித் தேர்வை ஒட்டி வரும். பல கழகங்களில் வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். வாரம் இரண்டு வகுப்பு உள்ள பாடத்துக்கு 14 வாரத்தில் 28 வகுப்பு. ஐந்து வகுப்பு விடலாம், ஆறாவதில் 78.6 விழுக்காடு ஆகிவிடும். கெடாவின் சிந்தோக்கில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து தீபாவளிக்கு வந்து ஒரு வாரம் தங்கி, அடுத்து அக்கா கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் கணக்கு முடிந்தது.

கடைசியாக, வாய் திறக்காமை. கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்ற கூச்சம். வீட்டில் சொன்னால் அப்பா இரவெல்லாம் தூங்க மாட்டார் என்ற பயம். இந்த ஒரு குணம்தான் பெரும்பாலான உதவித் திட்டங்களைச் செயலிழக்க வைக்கிறது. ஏனென்றால் அவை எல்லாம் மாணவர் தாமாக வந்து கேட்பார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை.

## யார் யார் என்ன வேலை செய்கிறார்கள்

1. கல்வி ஆலோசகர். மலாயில் பெனாசிஹாட் அகாடெமிக். துறை விரிவுரையாளர்களில் ஒருவர். எந்தப் பாடம் எடுக்கலாம், எதைக் கைவிடலாம் என்று பார்த்துக் கையெழுத்திடுவார். தன் கற்பித்தல், ஆய்வு வேலைகளுக்கு நடுவே இதைச் செய்கிறார்.

2. உளவள ஆலோசகர், அதாவது கவுன்சலர். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர். பதற்றம், மனச்சோர்வு, குடும்பச் சிக்கல் இவருடைய எல்லை.

3. பாடத் துணைவர். அந்தப் பாடத்தை முன்பே எடுத்துத் தேறிய மூத்த மாணவர் அல்லது டியூட்டர். கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவார்.

4. வழிகாட்டி. பாடம் நடத்தமாட்டார், கையெழுத்து போடமாட்டார். வாரம் ஒருமுறை அழைத்து, என்ன செய்தாய், அடுத்து என்ன, எது தடுக்கிறது என்று கேட்டு, மற்ற மூவரிடம் சரியான நேரத்தில் அனுப்பிவைப்பார்.

முதல் மூவரும் ஏற்கெனவே வளாகத்தில் இருக்கிறார்கள், மாணவர் கதவைத் தட்டும் வரை காத்திருக்கிறார்கள். நான்காமவர் தாமே அழைக்கிறார். தோட்டப் பட்டணத்துச் சங்கம் ஒன்று பணம் போட வேண்டிய இடம் அந்த நான்காமவர்தான். ஏன் என்பதற்கு வெளிநாட்டுச் சோதனைகளில் சான்று இருக்கிறது.

## சோதித்துப் பார்த்தவை என்ன சொல்கின்றன

முதலாண்டு மாணவருக்கென்று தனி ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் 1970களில் வேர்விட்டது. தென் கரோலைனா பல்கலைக்கழகம் 1972இல் முதலாண்டுக்கான அறிமுகப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. வின்சென்ட் டின்டோ என்ற ஆய்வாளர் 1975இல், மாணவர் படிப்பை விடுவது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததல்ல, கல்லூரியின் கல்வி வாழ்வோடும் சமூக வாழ்வோடும் எவ்வளவு ஒட்டினார் என்பதையும் பொறுத்தது என்று வாதிட்டார். அதன் பின் வந்த பல திட்டங்களில் நான்கு நமக்குப் பயன்படும்.

முதலாவது, 1973இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர் வளாகத்தில் டியானா மார்ட்டின் உருவாக்கிய துணைக் கற்பித்தல் முறை. இதன் நுட்பம் எளிது: பலவீனமான மாணவரைத் தேடாதே, கடினமான பாடத்தைத் தேடு. 30 விழுக்காட்டுக்கு மேல் மாணவர்கள் தோற்கும் அல்லது கைவிடும் பாடத்தைப் பிடித்து, அதில் நன்றாகத் தேறிய மூத்தவர் ஒருவரை மறுபடியும் அதே விரிவுரையில் உட்காரவைத்து, வாராந்திரக் குழுப் படிப்பை நடத்தச் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். ‘மட்டமான பிள்ளைகளுக்கான வகுப்பு’ என்ற முத்திரை விழாது. கூச்சம் மிகுந்த நம் சூழலுக்கு இது பொருத்தமான யோசனை.

இரண்டாவது, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமூகக் கல்லூரிகளில் தொடங்கிய ‘ஏசாப்’. கட்டாய முழுநேரப் படிப்பு, அடிக்கடி ஆலோசகர் சந்திப்பு, பாடத் துணை, கட்டணத்தில் விழும் இடைவெளியை நிரப்புதல், புத்தகம், மாதப் பயண அட்டை எல்லாம் ஒரே பொட்டலமாக. குலுக்கல் முறையில் மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்துக்குள் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். கவனிக்க வேண்டியது ஆலோசகரின் சுமை: திட்டத்துக்குள் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள், வெளியே 600 முதல் 1,500 வரை.

மூன்றாவது, அழைத்துப் பேசும் வழிகாட்டலை மட்டும் தனியாகச் சோதித்தது. எரிக் பெட்டிஞ்சரும் ரேச்சல் பேக்கரும் எட்டு அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை ஆராய்ந்தார்கள். வழிகாட்டி அழைத்துப் பேசிய மாணவர்கள், ஆறு மாத முடிவில் படிப்பில் நீடித்த விகிதம் சுமார் 5 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். வழிகாட்டல் நின்ற ஓராண்டுக்குப் பிறகும் அந்த வித்தியாசம் முழுதாகக் கரையவில்லை. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் வயது கூடியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் நம் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. திசையைச் சொல்லலாம்.

நான்காவது கனடாவில். டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஓரியோபௌலோஸும் உரோஸ் பெட்ரோனியெவிச்சும் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள்: இணையப் பயிற்சி, கைப்பேசிக் குறுஞ்செய்தி, நேருக்கு நேர் வழிகாட்டி. முதல் இரண்டும் மதிப்பெண்ணை அசைக்கவில்லை. மூன்றாவது தெளிவாக உயர்த்தியது. “வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டோம்” என்று நிம்மதியடையும் நம் செயற்குழுக்கள் இந்த முடிவைப் பிரதி எடுத்து ஒட்டிவைக்கலாம்.

அதற்காகக் குறுஞ்செய்தி வீண் என்று ஆகாது. இடம் கிடைத்தும் பதிவு நாளுக்கு வராமல் போகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் தானியங்கிச் செய்திச் சேவை ஒன்றின் மூலம் அந்த இழப்பைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. பாரம், கட்டணம், கடைசித் தேதி போன்ற ஒற்றை வேலைகளை நினைவூட்டச் செய்தி போதும். படிக்கும் பழக்கத்தை மாற்ற மனிதக் குரல் வேண்டும்.

## ஊர் எதைச் செய்யலாம், வளாகம் எதைச் செய்யலாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே ஆண்டில் போகிறவர்கள் ஒருவர் ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில், ஒருவர் தஞ்சோங் மாலிமில், ஒருவர் பெர்லிசில், ஒருவர் சரவாக்கில் என்று சிதறுவார்கள். பாடத்திட்டம் எல்லாம் வேறு வேறு. எனவே ஊர் மண்டபத்தில் அவர்களுக்கு டியூஷன் நடத்துவது வேலைக்கு ஆகாது. பாடத் துணை வளாகத்தில்தான் நடக்க வேண்டும். அதை அங்குள்ள இந்திய மாணவர் அமைப்புகள் எடுத்துச் செய்வது பொருத்தம். ஊரால் முடிந்தது, எந்த வளாகத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும் வழிகாட்டி அழைப்பு.

அளவு: ஒரு தன்னார்வ வழிகாட்டிக்கு ஐந்து மாணவர், அதிகபட்சம் ஆறு. ஓர் அழைப்பு 20 நிமிடம் என்றால் வாரம் 100 நிமிடம், அதோடு குறிப்பு எழுதும் நேரம். வேலைக்குப் போகிற ஒருவரால் இதைத் தாங்க முடியும். பத்து மாணவர் கொடுத்தால் மூன்றாம் வாரமே அழைப்பு செய்தியாகச் சுருங்கிவிடும்.

வழிகாட்டி யார்? முதலாண்டைக் கடந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டு ஆனவர். அதே துறையாக இருக்கத் தேவையில்லை. மாணவரின் நெருங்கிய உறவினராக இருக்கக் கூடாது, பழைய பள்ளி ஆசிரியராகவும் வேண்டாம். சித்தப்பாவிடமும் ஆசிரியரிடமும் பிள்ளைகள் நல்ல செய்தி மட்டுமே சொல்வார்கள்.

வேலையைக் கழகத்தின் நாட்காட்டியோடு கட்ட வேண்டும். ‘தக்விம் அகாடெமிக்’ பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். பதிவுக்கு முன்பே வழிகாட்டி அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 14 வாரப் பருவத்துக்குப் பொதுவான ஓட்டம் இது:

1. கடிதம் வந்தது முதல் பதிவு நாள் வரை. இணையத்தில் ஏற்பு உறுதி, உடல்நலப் பரிசோதனைப் பாரம், எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு, பிடிபிடிஎன் விண்ணப்பம், முன்பணம், வங்கிக் கணக்கு. இங்கே செய்தி நினைவூட்டல் போதும், ஆனால் ‘முடித்துவிட்டேன்’ என்ற வார்த்தையை நம்பாமல் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

2. முதல், இரண்டாம் வாரம். கல்வி ஆலோசகரின் பெயர், அறை எண். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் பங்கீடு. எல்லா இடுபணி, தேர்வுத் தேதிகளும் ஒரே தாளில். பாடம் சேர்க்க, நீக்கக் கடைசி நாள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

3. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை. இதுதான் உயிர்நாடி. வாரம் தவறாமல் அழைப்பு. முதல் குவிஸ் மதிப்பெண் என்ன? எத்தனை வகுப்பு விடுபட்டது? பணம் வந்ததா? தொடர்ந்து இரண்டு அழைப்பை எடுக்கவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. மூன்றாவதாக அவர் அறைத்தோழருக்கு அழைக்க வேண்டும் (பதிவின்போதே அனுமதியோடு எண்ணை வாங்கி வைத்திருந்தால்).

4. ஏழாம் வாரம். கையில் உள்ள மதிப்பெண்ணை வைத்து உட்கார்ந்து கணக்குப் போடும் வாரம். பல பாடங்களில் மொத்தத்தில் 40 முதல் 60 விழுக்காடு பருவ வேலைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும், அதில் பாதி இதற்குள் முடிந்திருக்கும். இறுதித் தேர்வில் எவ்வளவு எடுத்தால் தேறலாம் என்று பார்த்து, முடியாத பாடத்தைக் கைவிடலாமா என்று கல்வி ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மேலே பார்த்த 1.67க்கும் 2.08க்கும் உள்ள வித்தியாசம் இந்த வாரத்தில் பிறக்கிறது.

5. எட்டாம் வாரத்துக்குப் பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை அழைத்தால் போதும். தேர்வுக்கு முந்திய வாரம் மறுபடி ஒருமுறை.

## அழைப்பில் என்ன கேட்பது

“எப்படிம்மா இருக்கே, படிப்பெல்லாம் ஓகேவா?” என்று கேட்டால் “ஓகேதான் அண்ணே” என்று பதில் வரும். அழைப்பு அதோடு முடிந்தது. எண்ணாலோ குறிப்பான தகவலாலோ மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும்:

“போன வாரம் எத்தனை வகுப்பு இருந்துச்சு, எத்தனைக்குப் போனே?”
“அடுத்த பத்து நாள்ல எதெல்லாம் ஒப்படைக்கணும்? எதை ஆரம்பிச்சுட்டே?”
“கையில எவ்வளவு காசு இருக்கு, எத்தனை நாளைக்கு வரும்?”
“இந்த வாரம் எந்த லெக்சரரையாவது போய்ப் பார்த்தியா?”

நாலாவதில் ‘இல்லை’ என்றால், எப்படி மின்னஞ்சல் எழுதுவது என்பதை அழைப்பிலேயே சேர்ந்து எழுதிவிடலாம். மூன்று வரி போதும்: பெயர், பாடக் குறியீடு, புரியாத பகுதி. முதல் தலைமுறை மாணவருக்குப் பாடத்தைவிட இது கடினமாக இருக்கும். ஒருமுறை அனுப்பிப் பதில் வந்துவிட்டால் அடுத்த முறை வழிகாட்டி தேவைப்படாது.

அழைப்பு முடியும்போது ஒரே ஒரு வேலையை, நாள், மணியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். “நல்லா படிக்கிறேன்” ஒரு வேலை ஆகாது. “வியாழன் மூணு மணிக்கு மூணாவது அத்தியாயக் கேள்வி அஞ்சு” என்பது வேலை. மொழிச் சிக்கல் உள்ளவருக்கு முதல் மாதத்தில் நல்ல வேலை ஒன்று: விரிவுரைக்கு முந்தின இரவு ஸ்லைடைத் திறந்து, தெரியாத சொற்களை மட்டும் பட்டியலிட்டு அர்த்தம் பார்ப்பது. இருபது நிமிட வேலை.

மனச்சோர்வு, தன்னை வருத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் வழிகாட்டி ஆலோசகர் வேடம் போடக் கூடாது. வளாகக் கவுன்சலரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணும், 24 மணி நேர பிஃபிரெண்டர்ஸ் 03-76272929 எண்ணும் கைப்பேசியில் இருக்க வேண்டும்.

## எங்கே சறுக்கும்

வழிகாட்டி சோர்ந்து போவது முதலிடம். ஆர்வமெல்லாம் முதல் மூன்று வாரம் பொங்கும், ஆறாம் வாரத்தில் அவருக்கே வேலைப்பளு வரும், மாணவருக்குத் தேர்வு வரும் அதே வாரத்தில். இருவராகப் பொறுப்பெடுத்து ஒருவர் விட்டால் மற்றவர் பிடிக்க வேண்டும். கைச்செலவுக்குச் சிறு படித்தொகையும் கொடுக்க வேண்டும். ‘சேவைதானே’ என்று சும்மா விட்டால் நின்றுவிடும்.

இரண்டாவது, பெற்றோருக்கு ஒற்றன் ஆவது. பிள்ளை சொன்ன மதிப்பெண்ணை அம்மாவிடம் சொன்ன அன்றோடு அந்தப் பிள்ளை உண்மை பேசுவதை நிறுத்திவிடும். எதை வெளியே சொல்வோம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதை மீறுவோம் என்பதைத் தொடக்கத்திலேயே மூன்று தரப்பிடமும் பேசித் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆள் தேர்வு. நம் திட்டங்கள் பத்து ‘ஏ’ எடுத்தவரையே சுற்றி வருகின்றன. போலிடெக்னிக்கிலும் சமூகக் கல்லூரியிலும் சேர்ந்த சராசரி மாணவருக்குத்தான் அழைப்பின் பலன் அதிகம், அவர் பெயர் பட்டியலிலேயே இருப்பதில்லை. விண்ணப்பம் கேட்டுத் தேர்ந்தெடுக்காமல், போகிற எல்லாரையும் சேர்த்துவிட்டு, வேண்டாம் என்பவரை விலக விடுவது நல்லது.

தன்முனைப்பு முகாம் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சாளர் அழவைப்பார், கைதட்டல் எழும், பிள்ளைகள் பெற்றோர் காலில் விழுவார்கள். ஆறாம் வாரத்துக் கால்குலஸ் தேர்வுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

## பணத்தை எப்படிப் பிரிப்பது

20 மாணவருக்கு 10,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வழி, மேடையில் ஆளுக்கு 500. மாற்று வழி: நான்கு வழிகாட்டிகளுக்கு மாதம் 100 வீதம் பத்து மாதத்துக்கு 4,000. அவசர நிதி 4,000. வளாகங்களுக்கு நேரில் போய்ப் பார்க்க 1,500. தொலைபேசி, அச்சு 500.

அவசர நிதி என்பது ஓர் ஆளுக்கு ஒரு தடவை 300 ரிங்கிட் வரை, இரண்டு நாளில் முடிவு, திருப்பித் தர வேண்டாம். ஐந்தாம் வாரத்தில் மடிக்கணினி பழுதானவருக்கும், கடன் தொகை தாமதமானவருக்கும் அந்த 300, செப்டம்பரில் மேடையில் வாங்கிய 500ஐவிடப் பெரியது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய சிறுதொகை மானியமும் இதே தர்க்கத்தில் நடப்பது: சிறிய கட்டணப் பாக்கிக்காக வெளியேற்றப்படவிருந்த மாணவர்களுக்கு, அந்தப் பாக்கியை மட்டும் அடைத்தார்கள். மித்ரா (அரசின் இந்திய சமூக உருமாற்றப் பிரிவு), எம்ஐஇடி (மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகம்) போன்ற பெரிய வாசல்கள் முறையான விண்ணப்பங்களுக்கு. புதன்கிழமை சாப்பாட்டுக் காசுக்கு அவை வராது.

சுங்கை சிப்புட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. இவ்வூர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கினார்.

## திரும்பி வந்துவிட்ட பிள்ளை

பெட்டியோடு வந்து நிற்கும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது “ஏன் வந்தே?” அல்ல, “ஆபீஸ்ல என்ன எழுதிக் கொடுத்தே?” என்பதே. ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் வந்திருந்தால் பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கும். வராத பாடங்களுக்கெல்லாம் எஃப் விழும், கட்டணம் ஏறும். வாங்கிய கடன் எப்படியும் பிடிபிடிஎன் கணக்கில் நிற்கும்.

பெரும்பாலான கழகங்களில் படிப்பைத் தள்ளிவைக்க வழி உண்டு, மலாயில் ‘தாங்கோ பெங்காஜியான்’. உரிய காரணமும் ஆவணமும் (மருத்துவச் சான்று, குடும்ப இறப்பு, பணநெருக்கடிக் கடிதம்) வைத்துக் குறித்த வாரத்துக்குள் விண்ணப்பித்தால் இடம் போகாது, அந்தப் பருவத்து எஃப் வராது. விண்ணப்பத்தைத் துறை அலுவலகத்தில் கொடுத்து, ஏற்புக் கடிதத்தை வாங்கி, அதன் நகலை பிடிபிடிஎன்னுக்கும் அனுப்ப வேண்டும். கடைசித் தேதி தாண்டியிருந்தாலும் கல்வி ஆலோசகரையும் துணை டீனையும் நேரில் பார்த்து முறையிடலாம். பெற்றோரும் கூடப் போவது உதவும், மலாய் நன்றாகப் பேசும் ஒருவரையும் அழைத்துப் போவது அதைவிட உதவும்.

திட்டம் வேலை செய்ததா என்று சங்கம் பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: ஏழாம் வாரத்தில் எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள், முதல் பருவத்தில் எத்தனை பேர் 2.00க்கு மேல், இரண்டாம் பருவத்துக்கு எத்தனை பேர் பதிந்தார்கள். பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை வெளியாருக்குத் தராது, மாணவரே காட்ட வேண்டும். அதற்கான ஒப்புதலைப் பதிவுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டாம் பருவத்தின் இரண்டாம் வாரத்தில் அந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிச் செயற்குழுக் கூட்டத்தில் வைத்தால், அடுத்த ஆண்டு மேடைக்கு எவ்வளவு, அழைப்புக்கு எவ்வளவு என்ற விவாதத்தை அங்கேயே தொடங்கலாம்.